கிணற்றுக்குள் நின்ற ராசா

கரம்பொன் ஊரின் கள்ளுத் தவறணைக்குள் முதன்முதலாக ஒரு பெண் போனது 1987 மாசி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலை பத்து மணிக்கு. போனவள் கத்தரீனா. வயது ஐம்பத்தொன்று. கழுத்தில் அளவுநாடா, கையில் ஒரு கொப்பி, காதில் செருகிய பென்சில். படலையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். ஒருவன் வாயைத் துடைத்துக்கொண்டு ஓலையில் மடித்த கள்ளுப் பிளாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"ஒளிக்காதையும். நான் உம்மைப் பாக்க வரேல்லை, கூரையைப் பாக்க வந்தனான்" என்று சொல்லிவிட்டு அவள் படியில் இறங்கினாள்.

ஆம், இறங்கத்தான் வேண்டும். அந்தத் தவறணை நிலத்துக்குக் கீழே இருந்தது.

அது வந்த கதை சுருக்கமானது. தவறணை நடத்திய வல்லிபுரத்தின் வளவுக்குப் பின்னால், முந்தின காலத்தில் வீடு கட்டக் கல் வெட்டியெடுத்த, ஆளுயரத்துக்கு மேல் ஆழமான பெரிய கிடங்கு ஒன்று கிடந்தது. முந்திய வருஷம் ஆமி ஹெலிகொப்டர் வந்து சுட்டபோது, குடித்துக்கொண்டிருந்தவர்கள் பிளாவும் கையுமாக அந்தக் கிடங்குக்குள் குதித்தார்கள். ஒரு சொட்டும் சிந்தவில்லை என்று இன்றைக்கும் சாதிப்பவர்கள் உண்டு. வல்லிபுரம் அதற்கு மேல் பனங்குற்றி அடுக்கி, மண் மூட்டை போட்டு, பங்கராக்கினான். பங்கருக்குள் போனவர்கள் சூடு நின்ற பிறகும் மேலே வர மறுத்தார்கள். கீழே குளிர்ச்சியாக இருந்தது. ஒரு மாதத்தில் கள்ளு முட்டிகளும் கீழே போய்விட்டன.

பிறகு பாட்டு வந்தது. கடலில் இரவுத் தொழிலுக்குத் தடை. அதனால் வள்ளம் வைத்திருந்த சம்மாட்டிகளும் கூலிக்காரரும் பகலில் சும்மா இருந்தார்கள். சும்மா இருக்கிற மீனவனுக்குக் கூத்துப் பாட்டு வாயில் வராமல் இராது. சுண்ணக்கல் சுவர் மென்மையானது என்பதால், பாடத் தெரியாதவர்கள் ஆணியால் சுவரில் படம் கீறினார்கள். வத்தைத் தோணி, திருக்கை மீன், கோபுரம், சிலுவை, பெரிய மீசையோடு ஒரு பொலிஸ்காரன். தை மாதம், கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் பஸ்ரியாம்பிள்ளை தன் ஒத்திகையையே அங்கே கொண்டுவந்தார். குடிக்க வந்தவன் பாட்டுக் கேட்டான். பாட்டுக் கேட்க வந்தவன் குடித்தான். ஊர் அதற்குக் கீழ்க்கொட்டகை என்று பெயர் வைத்தது.

கோயில் வளவில் கூத்து ஆடி மூன்று வருஷமாகிவிட்டது. கூத்தென்றால் விடிய விடிய ஆடவேண்டும். விளக்கு வேண்டும், கூட்டம் வேண்டும். மண்ணெண்ணெய் இல்லை, இரவில் கூடினால் எங்கிருந்து என்ன வரும் என்று தெரியாது. அதனால் அண்ணாவியார் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: கூத்து பகலில், கிடங்குக்குள், வரும் ஞாயிற்றுக்கிழமை. அதைத் தள்ளிவைக்க முடியாது. அதற்கடுத்த புதன்கிழமை விபூதிப் புதன். தவக்காலம் பிறந்தால் உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் ராசா கூத்துக்கு இடமில்லை. அதற்குள் என்ன நடக்குமோ யார் கண்டது?

கூத்தென்றால் உடுப்பு. உடுப்பென்றால் கத்தரீனா.

அவள் பிறப்பால் உடுப்புக்காரி இல்லை. முதல் நன்மையென்று முதன்முதலில் நற்கருணை வாங்கும் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தவள். 1964இல் யாழ்ப்பாணத்தில் வாடகைக்குப் பேசின ராசா உடுப்பு வந்து சேரவில்லை, கூத்து அன்றிரவு. கத்தரீனா கோயிலில் கழித்துப்போட்ட திரைச்சீலையை வாங்கி, கோழி அடைக்கும் கரப்பைக் கவிழ்த்து வைத்து அளவெடுத்து, பிரம்பை வளையமாகக் கட்டி, விளக்கு வைக்குமுன் ராசாவை நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு இருபத்துமூன்று வருஷம், கரம்பொன், நாரந்தனை, மெலிஞ்சிமுனை எங்கும் அவள் உடுத்தாத ராசா இல்லை. கணவன் செத்து ஒன்பது வருஷமாகியும் அவளைத் தாங்கியது அந்தத் தையல் மெஷின்தான்.

ராசாவின் தலைக்கு வைக்கும் முடி அவளுடைய பெருமை. முருக்கமரத்தில் செதுக்கியது, இரண்டடி உயரம். அதில் நூற்றுப்பன்னிரண்டு கண்ணாடித் துண்டுகள். ஒன்றும் கடையில் வாங்கியதில்லை. ஊரில் எந்த வீட்டு அலுமாரிக் கண்ணாடி உடைந்தாலும் முதல் செய்தி கத்தரீனாவுக்குத்தான் போகும். ராசா மேடைக்கு வரும்போது ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் துண்டைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். அது ராசாவின் தலையில் இருந்தாலும் ஊரின் முடி.

அந்த முடிக்குத்தான் கூரை அளக்க வந்தாள்.

வாசலிலேயே அளவு பிழைத்தது. துப்பாக்கிச் சன்னம் உள்ளே வராமலிருக்கப் பங்கர் வாசலை வளைத்து வெட்டியிருந்தார்கள். அகலம் இரண்டரை அடி. ராசாவின் கரப்புடுப்பின் அடி வளையம் நாலரை அடி. அவள் அதைக் கொப்பியில் எழுதினாள். உள்ளே போய் நாடாவைக் கூரைக்குப் பிடிக்கச் சொன்னாள். ஆறரை அடி.

"அம்புறோஸ் எத்தினை அடி?" என்று கேட்டாள்.

அம்புறோஸ்தான் ராசா. ஊரிலேயே உயரமான மனிதன். வலை இழுத்து இறுகிய உடம்பு, நாலு கட்டைத் தூரம் தாண்டிக் கேட்கும் குரல். அவன் மூலையில் இருந்து எழும்பி நின்றான். ஆறடி.

வல்லிபுரம் பெருமையோடு சொன்னான்: "உவரை நிறுத்தித்தான் அக்கா கூரைக்கு அளவெடுத்தனாங்கள். ஊரிலை உயரமான ஆளுக்கே இடிக்காட்டில் வேறை ஆருக்கு இடிக்கும்?"

"அப்ப முடி?"

வல்லிபுரம் கூரையை அண்ணாந்து பார்த்தான். ராசாவையே கொண்டுவந்து நிறுத்தி அளந்தவர்கள், அவர் ராசா என்பதை மறந்துபோனார்கள். வெறுந்தலையோடு அளந்திருந்தார்கள். பின்னாலிருந்து யாரோ ஒருவன் சிரித்தான். வல்லிபுரம் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

அண்ணாவியார் பஸ்ரியாம்பிள்ளை அவசரப்படாத மனிதர். வளையத்தை விட்டுவிட்டுப் பட்டு வேட்டியோடு ஆடலாம், முடியைப் பாதியாகக் குறைக்கலாம், இல்லாவிட்டால் ராசாவைக் கதிரையில் இருத்திப் பாடவைக்கலாம் என்றார். காலத்துக்கேற்ற கோலம்தானே என்று மற்றவர்களும் தலையாட்டினார்கள். அம்புறோஸ்கூட, தான் கொஞ்சம் குனிந்து ஆடுவதாகச் சொன்னான்.

கத்தரீனா நாடாவைச் சுருட்டினாள். அவளுக்கு அங்கே நின்ற ஒவ்வொருவரையும் தெரியும். சோதனைச் சாவடியில் சைக்கிளை விட்டு இறங்கித் தலை குனிகிறவர்கள். கடலில் நேவிப் படகு மறித்தால் கையை உயர்த்துகிறவர்கள். சத்தம் கேட்டால் இந்தக் கிடங்குக்குள் விழுகிறவர்கள்.

"அண்ணாவியார், இதுக்குள்ள நாங்கள் எல்லாரும் குனிஞ்சுதான் வாறம்" என்றாள். "ஒராளாவது நிமிந்து நிக்கவேணும். அதுக்குத்தானே ராசா."

 அண்ணாவியார் மண்வெட்டி கொண்டுவரச் சொன்னார்.

நிலத்தைத் தாழ்த்திப் பார்த்தார்கள். ஒரு சாண் வெட்டியதும் உப்புத்தண்ணீர் ஊறியது; மண்ணைத் திரும்பப் போட்டு மிதித்தார்கள். கூரையை உயர்த்தலாம் என்று ஒருவன் சொன்னான். அங்கேதான் வல்லிபுரம் இறுகினான். கூரை உயர்ந்தால் வெட்டவெளியில் மேடு தெரியும். மேடு தெரிந்தால் மேலிருந்து பார்க்கிறவனுக்கு அது பங்கர். பங்கரென்றால் உள்ளே இருப்பது இயக்கப் பெடியளா கள்ளுக் குடிக்கிறவனா என்று அவன் கேட்கமாட்டான்.

"உங்கடை முடிக்காக நூறு பேரைச் சாகக் குடுக்க ஏலாது அக்கா" என்றான் வல்லிபுரம்.

அவன் சொன்னது சரி. கத்தரீனாவுக்கும் அது தெரிந்தது. அவள் கொப்பியை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அன்று பின்னேரம் அவள் முடியை மடியில் வைத்துக்கொண்டு, இரும்பறுக்கும் வாளை எடுத்தாள். கீழிருந்து ஒன்றரை அடி போனால்தான் ராசா நிமிர்ந்து நிற்கலாம். எந்தெந்த வீட்டுக் கண்ணாடி போகும் என்று பார்த்தாள். வாளை வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். வேலிக்கு அங்காலிருந்து மாக்கிறேற் எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி, வாய் சும்மா இராது.

"தவறணைக்குப் போனதெண்டு கேள்விப்பட்டன். வெறியிலையோ வாள் எடுத்தனீர்?" என்றாள். பிறகு முடியைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "அறுக்கிறதெண்டால் என்ரை கண்ணாடியைத் தந்திட்டு அறும். அது என்ரை கலியாண அலுமாரியிலை இருந்தது."

கத்தரீனா வாளைக் கீழே வைத்தாள். முகம் கழுவத் தண்ணீர் வேண்டும். மாக்கிறேற்றின் கிணற்றடிக்குப் போனாள். துலாவை இழுத்து வாளியை விட்டவள், அப்படியே நின்றாள். வட்டமான கிணற்றுக்கட்டு, மூன்றடி உயரம். உள்ளே, ஆழத்தில், வெயில் பட்டுத் தண்ணீர் மினுங்கியது. தலையை உயர்த்தி வானத்தைப் பார்த்தாள். திரும்பக் கிணற்றைப் பார்த்தாள். வாளியை அப்படியே விட்டுவிட்டு நடந்தாள். மாக்கிறேற் பின்னால் கூப்பிட்டது காதில் விழவில்லை.

ஒரே நாளில் இரண்டாம் தரம் தவறணைக்குள் போனபோது யாரும் பிளாவை ஒளிக்கவில்லை. ஒருவன் எழும்பிக் கதிரை கொடுத்தான்.

அவள் சொன்னது இதுதான். கூரை முழுவதையும் உயர்த்த வேண்டாம். நடுவில் மட்டும் ஆறடி அகலத்துக்கு வட்டமாகத் திறக்கவேண்டும். அதைச் சுற்றி மேலே முருகைக்கல்லால் மூன்றடி கட்டவேண்டும். பக்கத்தில் ஒரு துலா நடவேண்டும். மேலிருந்து பார்க்கிறவனுக்கு அது வீட்டுக் கிணறு. கீழே, அந்த வட்டத்துக்குள், ராசா நிமிர்ந்து நிற்பார்.

அண்ணாவியார் தாடையைத் தடவினார். வல்லிபுரம் உடனே ஒப்பவில்லை. மேலே திறந்திருந்தால் சூடு உள்ளே வராதா என்று கேட்டான். சனம் சுற்றிவரக் குற்றிக்குக் கீழே இருக்கும், வட்டத்துக்குள் ராசா மட்டும்தான் என்றாள். எல்லோரும் அம்புறோசைப் பார்த்தார்கள். கூரையில்லாமல் நிற்கப்போகிறவன் அவன்.

"ராசாவுக்கு வானம் போதும்" என்றான் அம்புறோஸ். பிறகு, தான் சொன்னது கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டதென்று நினைத்தவன்போல, கடலில் தனக்கு என்ன கூரையா இருக்கிறது என்றும் கேட்டான்.

வல்லிபுரத்திடம் இன்னும் ஒரு கேள்வி இருந்தது. "நூத்திச் சொச்சம் கண்ணாடி அக்கா. மேலை மினுங்கினால்?"

"கிணத்துக்குள்ள தண்ணி மினுங்காதோ, வல்லிபுரம்?"

 வல்லிபுரம் உள்ளே திரும்பி, நாளைக்குக் கல்லுச் சுமக்க வராதவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கள்ளு இல்லை என்று அறிவித்தான்.

செவ்வாய், புதன், வியாழன். இடிந்த வேலிகளிலிருந்து முருகைக்கல் வந்தது. அம்புறோஸ் தானே குற்றி அறுத்தான். ஹெலியின் சத்தம் கேட்கும்போதெல்லாம் எல்லோரும் கல்லை விட்டுவிட்டுக் கீழே இறங்குவதும், சத்தம் போனதும் ஏறுவதுமாக வேலை நடந்தது. வியாழன் மாலை துலாவும் நட்டாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை அண்ணாவியார் கீழே மத்தளக்காரனோடு இருந்தபோது, மேலிருந்து ஒரு வாளி மெல்ல இறங்கி அவர் முன்னால் வந்து நிலத்தில் தட்டியது. நிமிர்ந்து பார்த்தார். வட்டத்துக்கு மேலே ஒரு பெண்ணின் முகம். சரவணையிலிருந்து பனங்கிழங்கு விற்க வந்த சீதேவி. தாகத்துக்குத் தண்ணீர் அள்ள வந்திருக்கிறாள்.

"பிள்ளை, இஞ்சை தண்ணி இல்லை. கள்ளுத்தான் கிடக்கு" என்றார் அண்ணாவியார்.

சீதேவி போட்ட கூச்சலில் அயலே திரண்டது. வல்லிபுரம் அவளுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து, கிழங்கு முழுவதையும் தானே வாங்கினான். பக்கத்தில் நின்று பார்த்தவளே ஏமாந்தால் ஆகாயத்தில் பறக்கிறவன் எந்த மூலைக்கு என்று அன்று முழுவதும் வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னான். அதுவரை அவன் முகத்தில் இருந்த இறுக்கம் அப்போதுதான் போனது.

இனி ஒரு சிக்கல்தான் பாக்கி. வளையங்களை அவிழ்த்துப் பிரம்பாகக் கொண்டுபோய் உள்ளே திரும்பக் கட்டலாம்; அது கத்தரீனாவுக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் முடியை வட்டத்துக்கு வெளியே வைத்துக் கட்ட முடியாது, கூரை இடிக்கும். சபைக்கு நடுவில்தான் கட்டவேண்டும். எந்தக் கூத்திலும் ராசாவுக்கு முடி வைப்பதைச் சனம் கண்டதில்லை. அது திரைக்குப் பின்னால் நடக்கிற காரியம். வைப்பவள் பெண் என்பது அதற்கு மேல் இன்னொன்று. கரம்பொன் கூத்தில் பெண் வேஷமே ஆண்தான் போடுவான். பெண்ணொருத்தி கூத்தாடும் களரியில் கால் வைத்ததில்லை.

ஆண்பிள்ளை ஒருவனைப் பழக்கலாமா என்று அண்ணாவியார் மெதுவாகக் கேட்டார்.

"பழக்கலாம்" என்றாள் கத்தரீனா. "ஆனால் ஆடேக்கை முடி சரிஞ்சால் சனம் அவனைக் கேளாது. என்னைத்தான் கேக்கும். இருபத்திமூண்டு வருஷத்திலை ஒருக்காலும் சரியேல்லை."

அவர் யோசித்தார். கூத்தைக் கட்டியவர் அவர். மாற்றவும் உரிமை உண்டு. சனிக்கிழமை விடிந்தபோது முடிசூட்டுக்கென்று இரண்டு விருத்தம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். முடி வைப்பது அந்த நாட்டின் குடிசனம் என்று பாட்டில் வைத்துவிட்டார். கத்தரீனாவுக்குப் பாடவேண்டிய வேலை இல்லை. நடந்து வந்து வைத்தால் போதும்.

ஞாயிறு. பூசை முடிந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. வெயில் நேரே கிணற்றுக்குள் விழும் நேரம் பார்த்துப் பன்னிரண்டு மணிக்குத் தொடங்குவதாக அண்ணாவியார் சொல்லியிருந்தார். ராசா வரவு முடியுமட்டும் கள்ளு இல்லை என்பதும் அவர் கட்டளை. நூறு பேர் கொள்ளும் கிடங்கில் நூற்றெழுபது பேர். அதில் பாதிக்குக் கிட்டப் பெண்கள். கத்தரீனா போய் வந்த இடத்துக்குத் தாங்கள் போனால் என்ன என்று மாக்கிறேற்தான் முதலில் படியிறங்கினாள். சுவரிலிருந்த பொலிஸ்காரன் படத்தைப் பார்த்து, மீசை போதாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு முன்வரிசையில் இருந்தாள்.

மத்தளம் எழுந்தது. அம்புறோஸ் கரப்புடுப்போடு, வெறுந்தலையாய், வட்டத்துக்குள் வந்து நின்றான். அண்ணாவியார் முதல் விருத்தத்தை எடுத்தார். கத்தரீனா வெள்ளைச் சேலையில், இரண்டு கையிலும் முடியை ஏந்திக்கொண்டு, சனத்துக்கு நடுவால் வந்தாள்.  ராசாவுக்குப் பின்னால் வைத்திருந்த உயரப் பலகையில் ஏறி, முடியை வைத்து, பின்னால் மூன்று முடிச்சுப் போட்டு, இறங்கி விலகினாள்.

அம்புறோஸ் நிமிர்ந்தான்.

நேரே விழுந்த வெயிலில் நூற்றுப்பன்னிரண்டு கண்ணாடியும் ஒரே நேரத்தில் பிடித்தன. வெளிச்சப் பொட்டுகள் கிடங்கின் சுவரெல்லாம் ஓடின. கீறிய வத்தைகளில், மீன்களில், சனத்தின் முகங்களில். மேடையில் பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் அந்த முடியை எத்தனையோ தரம் பார்த்தவர்கள், அது இப்படி எரிந்து பார்த்ததில்லை. அம்புறோஸ் வரவுப் பாட்டை எடுத்தான். கிடங்கின் கல் அவன் குரலை வாங்கித் திருப்பிக் கொடுத்தது.

மூன்றாவது அடியில் சத்தம் கேட்டது.

முதலில் மத்தளம் நின்றது. பிறகு பாட்டு. தெற்கே, கடற்பக்கமிருந்து, ஹெலி வந்துகொண்டிருந்தது. சனம் சுவரோடு ஒதுங்கியது. வல்லிபுரம் கையைக் காட்டி ராசாவைக் குற்றிக்குக் கீழே வரச்சொன்னான். வரவேண்டுமென்றால் முடியோடு குனியவேண்டும். கரப்புடுப்போடு குனிவது எளிதில்லை. அம்புறோஸ் அசையவில்லை. இத்தனை பேர் கல் சுமந்து நிமிர்த்திய ராசா எப்படிக் குனிவது என்று நினைத்தானோ என்னவோ, கத்தரீனாவைப் பார்த்தான்.

அவள் அதற்குள் வந்துவிட்டாள். வெயிலுக்குள், திறந்த வானத்துக்குக் கீழே, பலகையில் ஏறி மூன்று முடிச்சையும் ஒரே இழுப்பில் அவிழ்த்தாள். ஒரு கையால் முடியை எடுத்தாள். மற்றக் கையால் அவன் முதுகில் ஓங்கித் தள்ளினாள்.

"போம் உள்ளுக்கு. ராசா எனக்கு உசிரோடை வேணும்."

குற்றிக்குக் கீழே அவளும் இருந்தாள், முடியைக் கவிழ்த்து மடியில் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு. சத்தம் நேரே மேலே வந்தது. கிணற்றுக்கட்டிலிருந்து மண் சிறிது உதிர்ந்தது. ஒரு குழந்தை அழ வாயெடுத்தது. தாய் மார்போடு சேர்த்தாள். நூற்றெழுபது பேரும் மேலே பார்த்தபடி இருந்தார்கள். ஹெலி ஒரு சுற்றுச் சுற்றியது. வீட்டுக் கிணறு ஒன்று, துலா ஒன்று, காயப்போட்ட வலை நாலு. அதைத்தான் அவர்கள் கண்டிருக்கவேண்டும். சத்தம் காரைநகர்ப் பக்கமாய்த் தேய்ந்து போனது.

யாரும் எழும்பவில்லை. இன்றைக்குப் போதும், சனத்தை வீட்டுக்கு அனுப்பலாமா என்று வல்லிபுரம் அண்ணாவியாரிடம் குனிந்து கேட்டான். அண்ணாவியார் கத்தரீனாவைப் பார்த்தார்.

அவள் எழுந்து வட்டத்துக்குள் போனாள். தலையை அண்ணாந்து வானத்தை நன்றாகப் பார்த்தாள். காது கொடுத்தாள். சேலைத் தலைப்பால் கண்ணாடிகளில் படிந்த மண்ணைத் துடைத்தாள். அவசரமில்லாமல், வரிசை வரிசையாக.

"அம்புறோஸ், வாரும்."

அவன் வந்தான். இரண்டாம் தரம் அவள் பலகையில் ஏறி முடியை வைத்தபோது, முன்வரிசையில் மாக்கிறேற் எழுந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும். சுவரோரம் கூரை தாழ்ந்த இடத்தில் எழும்பியவர்களின் தலை பனங்குற்றியில் முட்டியது, முட்டியும் நின்றார்கள். கத்தரீனா மூன்று முடிச்சையும் போட்டு, முடியை ஒருதரம் ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

முதலிலிருந்து எடுக்கவா என்று மத்தளக்காரன் கேட்டான். அண்ணாவியார் வேண்டாமென்று தலையாட்டினார்.

அம்புறோஸ் நெஞ்சை நிமிர்த்தி, விட்ட மூன்றாவது அடியிலிருந்து எடுத்தான்.